செயற்கைக்கோள் ஊருக்கு வந்தது, சேரிக்கு வந்ததா?

"விண்வெளி அறிவியலைக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறோம்" என்று இன்று பல நிறுவனங்கள் கைகோத்து நிற்கின்றன. விண்வெளித் துறை, தனியார் கம்பெனி, தொண்டு நிறுவனம், அரசுப் பள்ளி என எல்லாப் பெயரும் போட்ட பேனர் பள்ளி வாசலில் தொங்குகிறது. மாணவர்கள் கையில் ஒரு மின்சுற்றுப் பலகை தரப்படுகிறது. படம் எடுக்கிறார்கள், செய்தி வருகிறது. இதைக் கேலி செய்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. நம் பிள்ளைகள் வானத்தைப் படிக்க வேண்டும். ராக்கெட்டை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் செய்யும் இடத்தில் வேலைக்கும் போக வேண்டும். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது: இந்தக் கூட்டு முயற்சிகளில் "கிராமம்" என்று சொல்லப்படுவது எது? ஊரா, சேரியா, இரண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1975-76இல் இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஓர் ஆண்டு முழுக்க, செயற்கைக்கோள் மூலம் கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடத்தின. உலகமே திரும்பிப் பார்த்த முயற்சி அது. இளம் தோழர்கள் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் இருந்தாலும் ஒரு வரிதான் இருக்கும்: "சைட் திட்டம், 2,400 கிராமங்கள்." அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருந்தன என்று பார்ப்போம்.

ஒப்பந்தம்

1969 செப்டம்பர் 18 அன்று இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசாவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியத் தரப்பில் முன்நின்றவர் விக்ரம் சாராபாய். பணப் பரிமாற்றம் கிடையாது. செயற்கைக்கோள் நாசாவுடையது. தரையில் வேண்டிய நிலையங்கள், கிராமத்தில் வைக்கும் பெட்டிகள், நிகழ்ச்சிகள் எல்லாம் இந்தியாவின் பொறுப்பு. நேரடியாகச் சிறு ஆன்டெனாவுக்கு ஒளிபரப்பும் தொழில்நுட்பத்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க நாசாவுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. சொந்தச் செயற்கைக்கோள் இல்லாத இந்தியாவுக்கு அனுபவம் தேவைப்பட்டது. இரண்டு தேவைகளும் சேர்ந்த இடம்தான் சைட்.

சாராபாய் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1971 டிசம்பரில் இறந்துவிட்டார். இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையமும், அதன் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் யஷ்பாலும் வேலையை நடத்தினார்கள். ஏ.டி.எஸ்-6 என்ற செயற்கைக்கோள் 1974 மே 30 அன்று ஏவப்பட்டது. விரித்தால் 9 மீட்டர் அகலமுள்ள பெரிய ஆன்டெனா அதில் இருந்தது. அடுத்த ஆண்டு அதை இந்தியாவை நோக்கும்படி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்தினார்கள். 1975 ஆகஸ்ட் 1 அன்று ஒளிபரப்பு தொடங்கியது.

ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்கள், 20 மாவட்டங்கள், சுமார் 2,400 கிராமங்கள். இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகள். தமிழ்நாடு அதில் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதே மாதம் 15ஆம் தேதி தொடங்கியது என்றாலும் அது நகரத்துக்கானது. சைட் தேடிப்போனது நகரத்தின் சாயல்கூடப் படாத ஊர்களை.

ஒவ்வொரு கிராமத்திலும் சுமார் 3 மீட்டர் அகலத்தில், கோழிக்கூண்டு அடைக்கும் கம்பி வலையால் செய்த ஒரு குடை ஆன்டெனா. அதிலிருந்து ஒரு கம்பி. அதன் முனையில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி. ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். நிறுவனம் இவற்றைச் செய்து கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்காமல் கம்பி வலையை வைத்தே 36,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வரும் அலையைப் பிடித்தது பெருமைப்படத்தக்க பொறியியல்தான். அதில் சந்தேகமில்லை.

நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஒளிபரப்பு. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளை இஸ்ரோ தன் பம்பாய் நிலையத்தில் தானே தயாரித்தது. சுற்றியுள்ள பொருள்களை வைத்தே அறிவியலைச் சொல்லித்தருவது அவற்றின் வழி. ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு, அறிவியல் பாடம் எப்படி நடத்துவது என்று 12 நாள் பயிற்சி செயற்கைக்கோள் வழியாகவே தரப்பட்டது. விண்வெளித் துறை, வானொலித் துறை, கல்வித் துறை, மாநில அரசுகள், ஓர் அயல்நாட்டு நிறுவனம் என இத்தனை பேர் சேர்ந்து மாணவர்களுக்கும் மக்களுக்கும் அறிவியல் கொண்டுபோன வேறு முயற்சி அதற்குமுன் இங்கே நடந்ததில்லை.

ஒரு ஊருக்கு ஒரு பெட்டி

இனி நம் கேள்விக்கு வருவோம். வானத்திலிருந்து விழும் அலைக்குச் சாதி தெரியாது. ஊரின் மேலும் சேரியின் மேலும் ஒரே அளவில்தான் விழும். ஆனால் அலையை மனிதர் பார்க்க முடியாது. பெட்டியைத்தான் பார்க்க முடியும். பெட்டியோ ஊருக்கு ஒன்று. அந்த ஒன்றை எங்கே வைப்பது?

பொதுவான கட்டடத்தில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில், இல்லையென்றால் பஞ்சாயத்துக் கட்டடத்தில். தனி வீட்டில் வைக்காமல் பொதுவில் வைத்தது சரியான எண்ணம். ஆனால் இந்தியக் கிராமத்தில் "பொது" என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம்மைவிட அதை அறிந்தவர் யார்?

பொதுச் சாலை, பொதுக்கிணறு, சத்திரம், அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தனியாக ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பம்பாய் மாகாணத்தில் 1923இல் அப்படி ஒரு தீர்மானம் நிறைவேறியது. மகாத் நகராட்சி 1924இல் தன் சவுதார் குளத்தை எல்லாருக்கும் பொது என்று அறிவித்தது. அறிவித்த பிறகும் ஒரு கை நீர் அள்ள, 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போனவர்கள் அடிபட்டார்கள். குளத்தை மாட்டுச் சாணம் போட்டுத் "தீட்டுக் கழித்தார்கள்" சாதி இந்துக்கள். வழக்கு உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆனது. ஒரு குளம் காகிதத்தில் பொதுவானதற்கும் சட்டத்தில் பொதுவானதற்கும் இடையே 13 ஆண்டுகள்!

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை நம் தோழர்கள் அறிவார்கள். கிராமத்தைக் குடியரசின் அடிப்படை அலகாக வைக்க வேண்டும் என்றவர்களுக்கு அவர் பதில் சொன்னார்: கிராமம் குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம், தனிமனிதனைத்தான் அலகாக எடுத்திருக்கிறோம். சைட் திட்டத்தின் அலகு எது? கிராமம். 2,400 கிராமம், 2,400 பெட்டி. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

பெட்டி வேலை செய்ய மின்சாரம் வேண்டும். ஒரு சில இடங்களில் மின்கலத்தால் ஓடின. மற்றபடி மின்சாரம் வந்துவிட்ட ஊர்களில்தான் வைத்தார்கள். ஊருக்கு மின்சாரம் வந்ததென்றால் சேரிக்கும் வந்தது என்று அர்த்தமில்லை. தலித், பழங்குடி உள்ளிட்ட ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்கு ஒரே ஒரு விளக்கு தருவதற்காகவே குடிர் ஜோதி என்ற தனித்திட்டம் தேவைப்பட்டது. அது 1988-89இல் வந்தது, அதாவது சைட் முடிந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு.

நம் ஊர்களில் ஊராட்சி டி.வி. அறை இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். சாவி யாரிடம் இருந்தது? எந்தத் தெருவில் அறை கட்டப்பட்டது? யார் உள்ளே உட்கார்ந்தார்கள், யார் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள்? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 36,000 கிலோமீட்டரை அறிவியல் கடந்துவிடும். சாதி காவல் காத்தது பெட்டிக்கு முன்னால் இருந்த கடைசிப் பத்து அடியை.

அதே ஆண்டில்

சைட் நடந்த ஆண்டைப் பாருங்கள். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தது. ஆகஸ்ட் 1 ஒளிபரப்பு தொடக்கம். அக்டோபர் 25 முதல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் நாடாளுமன்றச் சட்டமானது. அதாவது, "இந்த நாட்டின் கிராமங்களில் கடனுக்காக மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடக்கிறார்கள்" என்று அரசே ஒப்புக்கொண்ட ஆண்டு அது. அந்த அடிமைகளில் பெரும்பாலோர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் பல்லில்லாதது என்று கண்டு, அதைத் திருத்தி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றி நடைமுறைப்படுத்திய நாள் 1976 நவம்பர் 19. சைட் ஒளிபரப்பு அதற்கு நான்கு மாதத்துக்கு முன், ஜூலை 31 அன்று முடிந்திருந்தது.

மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் படியுங்கள். காலை ஒளிபரப்பு பள்ளிக்கூடத்தில். அந்த நேரத்தில் பண்ணையாரின் மாட்டுக்குப் பின்னால் போன பிள்ளை எந்தப் பெட்டிக்கு முன் உட்காரும்? மாலை ஒளிபரப்பு பெரியவர்களுக்கு. தன் நேரமே தனக்குச் சொந்தமில்லாத பண்ணையாள் எப்போது வந்து உட்காருவார்?

ஆய்வு சொன்னது

சைட் திட்டத்தின் ஒரு நல்ல குணம், தன்னைத் தானே ஆராய்ந்துகொண்டது. சமூக அறிவியலாளர்களைத் திட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பினோத் அகர்வால் போன்ற மானுடவியலாளர்களின் வழிகாட்டலில் ஆய்வாளர்கள் கிராமங்களில் தங்கிக் கவனித்தார்கள். இன்றைய கூட்டு முயற்சிகளில் எத்தனை இப்படிச் செய்கின்றன?

முடிவுகள் கலவையானவை. உடல்நலம், குடும்ப நலம் பற்றிய அறிவு கூடியது. படித்தவர்களைவிட எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் பெற்றுக்கொண்டார்கள் என்பது முக்கியமான செய்தி. "அதுகளுக்கு அறிவியல் புரியாது" என்று சொல்லி வந்தவர்களுக்கு அது நேரடியான பதில். பள்ளிப் பிள்ளைகளிடம் மொழித்திறனும், தேடித் தெரிந்துகொள்ளும் ஆர்வமும் கூடின.

ஆனால் பாட மதிப்பெண் கூடவில்லை. பள்ளியில் சேர்வோர் எண்ணிக்கையும் இடைநிற்றலும் மாறவில்லை. ஏன் மாற வேண்டும்? பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தி வைத்தது ஆர்வக் குறைவு என்றால் தொலைக்காட்சி மாற்றியிருக்கும். நிறுத்தி வைத்தது கூலியும் கடனும் சாதியும். அதைத் தொடும் வேலை ஒப்பந்தத்தில் இல்லை. கல்வியை அனுப்பினால் போதும், சமூகம் தானே வழிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதிய ஒப்பந்தம் அது.

கேடாவில் வேறு வழி

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் அதே காலத்தில், அதே இஸ்ரோவிடமிருந்து வந்தது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற ஊரில், சிறிய அளவில் ஒரு ஒளிபரப்பி வைத்தார்கள். அகமதாபாத்திலிருந்து அந்த மாவட்டத்துக்காக மட்டும் நிகழ்ச்சி. அந்த மக்களின் குஜராத்தியில், அவர்களுடைய பிரச்சினைகளை அவர்களே பேசி, எழுதி, நடித்துக் காட்டினார்கள். தீண்டாமை, குறைந்தபட்சக் கூலி, இடைத்தரகர் சுரண்டல், குடி, பெண்கள் நிலை என்று அவர்கள் வாழ்க்கையே நிகழ்ச்சியானது.

நான்கு மொழிகளுக்கும் ஆறு மாநிலங்களுக்கும் ஒன்றாகப் பேசும் செயற்கைக்கோள், பொதுவான அறிவுரையைத்தான் பேச முடியும்: கையைக் கழுவு, விதையை நேர்த்தி செய். ஒரு மாவட்டத்துக்குப் பேசும் ஒளிபரப்பி, "உனக்குச் சட்டப்படி வரவேண்டிய கூலி இவ்வளவு" என்று சொல்ல முடியும். கேட்கிற பண்ணையாருக்கும் அது யாரைப் பற்றியது என்று தெரியும்.

அகமதாபாத்தில் அந்த நாட்களில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக வேலை பார்த்தவர்களில் ஒருவர் கேதன் மேத்தா. பின்னர் 1980இல் அவர் எடுத்த "பவனி பவாய்" திரைப்படம் தீண்டாமையை நேரடியாகப் பேசியது. விண்வெளித் துறையின் நிகழ்ச்சிக் கூடம் ஒன்று தீண்டாமை எதிர்ப்புத் திரைப்படத்துக்குப் பயிற்சிக்களமாக இருந்தது என்பதை நம் வரலாற்றில் எழுதி வைக்க வேண்டும்.

கேடா திட்டத்துக்கு யுனெஸ்கோவின் ஊரகத் தகவல்தொடர்புப் பரிசு கிடைத்தது. 1985இல் பிஜ் ஒளிபரப்பி மூடப்பட்டது. மக்கள் எதிர்த்தார்கள், ஆனாலும் மூடப்பட்டது. பரிசு வாங்கிய திட்டத்துக்கே அந்தக் கதி.

ஓராண்டு முடிந்த பிறகு

ஒப்பந்தப்படி ஓர் ஆண்டு முடிந்ததும் நாசா தன் செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டது. 1976 ஆகஸ்டில் அந்த 2,400 கிராமங்களுக்கும் வானம் அணைந்துபோனது. சில பகுதிகளில் மட்டும் பின்னர் தரை ஒளிபரப்பிகள் வந்தன. இன்சாட்-1பி 1983இல்தான் வேலைக்கு வந்தது. அதற்குள் தொலைக்காட்சியின் திசையே மாறிவிட்டது. 1982 ஆசிய விளையாட்டோடு வண்ணம் வந்தது, பிறகு விளம்பரமும் தொடர்களும் வந்தன. கிராமக் கல்விக்கென்று தொடங்கிய பாதை நடுத்தர வர்க்க வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் நாட்டுக்கு ஒரு லாபம் நிலைத்தது. சைட் செய்த பொறியாளர்கள் அந்த அனுபவத்தில்தான் பின்னாளில் இன்சாட் வரிசையைக் கட்டினார்கள். பொறியாளர்களுக்குத் தொழில் கிடைத்தது. நிறுவனங்களுக்குப் பெயர் கிடைத்தது. கிராமத்துக்கு என்ன மிஞ்சியது என்ற கணக்கை மட்டும் பிறகு யாரும் முழுதாகக் கேட்கவில்லை. "சோதனை" என்று பெயர் வைத்தவர்கள் சோதனை முடிந்ததும் போய்விடலாம். சோதிக்கப்பட்டவர்கள் எங்கே போவார்கள்?

இன்று நம் முன்னால்

2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டில் ஆசாதிசாட் என்ற குட்டிச் செயற்கைக்கோள் இருந்தது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள், சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நிறுவனத்தின் வழிகாட்டலில் அதன் பகுதிகளைச் செய்தார்கள். நம் மதுரை மாவட்டத் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. ராக்கெட் சரியான பாதையில் விடாததால் அது தொலைந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 வெற்றிகரமாக மேலே போனது. பெட்டியைப் பார்க்க மட்டும் அழைக்கப்பட்ட இடத்திலிருந்து, கையில் பாகத்தை எடுத்துச் செய்யும் இடத்துக்குப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். இது முன்னேற்றம்தான்.

2019இல் இஸ்ரோ தொடங்கிய யுவிகா என்ற இளம் விஞ்ஞானி முகாம் இன்னொன்று. தேர்வில் மதிப்பெண், அறிவியல் போட்டிகள், என்.சி.சி. போன்றவற்றோடு, ஊரகப் பள்ளியில் படிப்பவருக்குத் தனிச் சலுகையும் உண்டு. நல்லது. ஆனால் "ஊரகம்" என்பது மறுபடியும் அதே "கிராமம்"தான். ஊரில் நிலமும் புத்தக அலமாரியும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும், சேரியில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கும் ஊரகச் சலுகை ஒன்றே. அதற்கு மேல் போட்டிகளிலும் என்.சி.சி.யிலும் எந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கும்?

விண்மீன்களைப் பற்றிப் பேசும்போது ரோஹித் வெமுலாவை நினைக்காமல் இருக்க முடியாது. குண்டூரிலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் வரை வந்தவர். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, உதவித்தொகை வராமல் கிடந்த நாட்கள் அவருடைய கடைசி நாட்கள். அவருக்கு விண்வெளி ஆர்வத்தை யாரும் ஊட்ட வேண்டியிருக்கவில்லை. அது அவரிடம் நிறையவே இருந்தது. அவர் இருந்த வளாகத்தில் சமமாக வாழ இடம்தான் இல்லை. ஆர்வம் ஊட்டுவது மட்டுமே தம் கடமை என்று நினைக்கும் ஒவ்வொரு கூட்டு முயற்சியும் இதை எதிர்கொண்டாக வேண்டும்.

ஆகவே இளம் தோழர்களே, உங்கள் பகுதிக்கு இப்படி ஒரு திட்டம் வரும்போது கைதட்டுங்கள். கூடவே நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

பெட்டி எங்கே இருக்கிறது? அதாவது, தேர்ந்தெடுத்த பள்ளிகளின் பட்டியலில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளனவா? சாவி யாரிடம் இருக்கிறது? ஒரு பள்ளிக்குள் பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது யார், எந்த அளவுகோலில்? பேசுவது யார்? சொல்லித்தருபவர்களிலும் திட்டமிடுபவர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்களா, அல்லது நாம் என்றும் பெறுபவர்கள்தானா? ஒப்பந்தம் முடிந்த மறுநாள் என்ன மிஞ்சும்? ஆய்வகமா, பயிற்சி பெற்ற ஆசிரியரா, கல்லூரிச் சேர்க்கைக்கு உதவியா, இல்லை ஒரு புகைப்படமா?

அரசுப் பணமோ அரசுப் பள்ளியோ சம்பந்தப்பட்டிருந்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இந்த விவரங்களை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்கலாம். பள்ளிப் பட்டியலையும் தேர்வு விதிமுறையையும் கேளுங்கள். பட்டியல், சாதி விழுக்காடு, கண்காணிப்பு எதுவுமே இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் போங்கள்.

மகாத் குளம் பொது என்று காகிதத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. அதைப் பொதுவாக்கியது அங்கே நடந்துபோன கால்கள்தான். வானமும் எல்லாருக்கும் பொது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நம் சேரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாம் நடந்துபோக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

ஜெய்பீம்.